ஹெல்வி முடியைத் தூக்கிப் பிடித்தால்

கத்தரிக்கோல் பாதி வழியில் நின்றுவிட்டது. திருமதி பெல்லமியின் உச்சந்தலையிலிருந்து ஒரு கொத்து நரைமுடி, ஹெல்வியின் இரண்டு விரல்களுக்கு நடுவில், கூரையைப் பார்த்து நிற்கிறது. வெட்டு விழவில்லை. திருமதி பெல்லமிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. கண்ணாடியில் தெரியும் ஹெல்வியைப் பார்த்து, "இப்ப நான் என்னத்தைச் சொல்லிட்டேன்?" என்கிறார்.

"ஞாயித்துக்கிழமை மருமக போன் பண்ணல, அதனால நீங்க குடுத்தனுப்புன கேக் அவளுக்குப் புடிக்கலன்னு சொன்னீங்க, பெல்லமியம்மா."

"ஆமா, சொன்னேன்."

"நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீங்க."

"நான் எதையும் முழுங்கல. காலையில இருந்து வெறும் காப்பிதான்."

"கேக் புடிச்சிருந்தா கட்டாயம் போன் பண்ணியிருப்பான்னு நீங்களா வச்சுக்கிட்டீங்கல்ல, அதை. அவ முழு கேக்கையும் தின்னுட்டு அப்படியே சோபாவுல தூங்கிப் போயிருந்தா?"

திருமதி பெல்லமி யோசிக்கிறார். மருமகளைப் பற்றி நல்லதாக எதையும் ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வராது. ஆனால் இது நல்லதில் சேராது. "அவ தூங்குமூஞ்சிதான்" என்கிறார். கத்தரிக்கோல் விழுகிறது. முடி தரைக்குப் போகிறது. கடை மறுபடி மூச்சுவிடுகிறது.

ஹெல்வி சாரினென் தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊரில் முடி வெட்டுகிறாள். அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் சாவி போடுகிறவன், பூட்டுத் திறக்கிறவன். என் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அது போய் வெகு காலமாகிறது. ஆனாலும் அவள் கடையின் மூலை நாற்காலி எனக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். காரணம் அவளுடைய காப்பி, அதைவிட அவள் வீட்டில் சுட்டுக்கொண்டு வரும் ஏலக்காய் ரொட்டி. பின்லாந்துக்காரர்கள் வீட்டு ரொட்டி அது, பின்னல் போட்டதுபோல் இருக்கும். முடி வெட்டுகிறவள் ரொட்டிக்கும் பின்னல் போடுகிறாள் என்று நான் சொல்லாத நாள் கிடையாது, அவள் அதற்குச் சிரித்த நாளும் கிடையாது. என் கடை வாசலில் "பக்கத்துக் கடையில் இருக்கிறேன்" என்று ஓர் அட்டை தொங்கும். பெரும்பாலும் தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஹெல்வி ஐம்பதைத் தாண்டியவள், உயரமானவள், படகுத் துடுப்புப் போட்டதால் தோள் அகன்றவள். நெற்றியில் ஒரு கற்றை முடி சதா கண்ணில் விழும். கையில் எப்போதும் சாயமோ சோப்போ இருப்பதால் உதட்டைக் கோணிக்கொண்டு கீழேயிருந்து ஊதி அதைத் தள்ளுவாள். அந்தக் கற்றையை வெட்டிவிடேன் என்றால் கேட்க மாட்டாள். ஊர்த் தலையெல்லாம் அவள் கையில் இருக்கிறது, அவள் தலையை மட்டும் யாரும் தொடக் கூடாது. தன் முடியைத் தானே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடவிப் பார்த்தே வெட்டிக்கொள்வாள். கண்ணாடியைப் பார்த்து வெட்டினால் இடம் வலம் மாறிப்போகிறதாம். பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று எங்களைக் கேட்பாள். நாங்கள் நன்றாக இருக்கிறது என்போம். வேறு என்ன சொல்வது, அவள் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை. முன்பிருந்த ஹெல்வி ஆமா போடுகிறவள். ஆமாவில் அவளிடம் பல வகை இருந்தன. மாமியாரைப் பற்றிய பேச்சுக்கு மூக்கால் ஓர் ஆமா. வேலை இடத்து மேலதிகாரிக்கு நாக்கைச் சப்புக்கொட்டி ஓர் ஆமா. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன கதைக்கு முடியைக் கோதிவிட்டபடி மெல்ல ஓர் ஆமா. அரைகுறையாகச் சொன்ன குறை அவள் ஆமாவில் முழுசாகிவிடும். பாதி பேர் முடிக்காக வரவில்லை, அந்த ஆமாவுக்காகத்தான் வந்தார்கள். முடி அதற்குள் வளர்ந்துவிடுவது ஒரு சௌகரியம்.

பிறகு ஒரு வசந்தத்தில் அவளை ஜூரியாக, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்களில் ஒருத்தியாக, கூப்பிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்தக் கடையில் இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கும் ஒரே ரகசியம் அதுதான். திருமதி பெல்லமி என்னென்னவோ செய்து பார்த்தார், ஒன்றும் பெயரவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், ரொட்டியை அறுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு ஏதோ இடிச்சுது, கார்மைன். எங்கன்னு சொல்லத் தெரியல. தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"யாரு என்ன சொன்னாங்க?"

"இதுக்கு மேல கேட்டா என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. ரொட்டியைத் தின்னு."

அந்த வழக்கு என்ன ஆயிற்று, அவள் தலையாட்டியது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஆமா போடும்போதெல்லாம் முகம் ஒரு மாதிரி ஆகும். கொஞ்ச நாளில் ஒரு தடித்த பயிற்சிப் புத்தகம் கடைக்கு வந்தது. ஊர்ச் சட்டக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள் என்றாள். ஒரு பட்டம் ஏற்கெனவே அஞ்சல் வழியில் படித்து வாங்கி வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால், குளிர்காலம் நீளமாக இருந்தது என்பாள்.

இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் கொஞ்சத்தில் போயிற்று. நவம்பரில் மூன்றாவது. "இதுலயும் போச்சுன்னா விட்டுருவேன். முடி சுருட்டுற குழலோடயே என்னைப் புதைச்சிருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லும்போது கையிலிருந்த சீப்பை மட்டும் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற கேள்விகள் எல்லாம் அவளுக்கு வந்தன. ஒரே ஒரு வகைதான் காலை வாரியது. யாரோ ஒருவர் ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவுவார். தாவிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் அவர் சொல்லாமலே போட்டுக்கொண்ட பலகை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹெல்விக்குப் பள்ளமே கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பேச்சிலிருந்த பள்ளத்தையெல்லாம் ஆமா போட்டு மூடிக்கொடுத்தே பழகியவள்.

அவள் கைகள் எப்போதும் வேலையாக இருப்பதால் கேள்வி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மூலையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன், அவள் வெட்டிக்கொண்டே கேட்பாள். கடையில் இருக்கும் மற்றவர்களுக்கும் காது இருக்கிறதல்லவா? சாயத்துக்காக வெள்ளித்தாள் சுற்றிய தலைகளும், தலைமேல் கவிழ்த்து முடி காயவைக்கும் யந்திரத்துக்குள் வெந்துகொண்டிருந்த தலைகளும் பதில் சொல்ல ஆரம்பித்தன. கடைசியில் ஓட்டெடுப்பு வைக்கவேண்டி வந்தது. யந்திரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பாதிதான் கேட்கும் என்பதால் அவர்களுக்கு அரை ஓட்டு.

முதல் நாள் வாசித்த ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. 'புதிய ரொட்டிக் கடையில் தினமும் நண்பகலுக்குள் ரொட்டி தீர்ந்துவிடுகிறது. பழைய கடையில் மாலைவரை மிச்சம் இருக்கிறது. ஆகவே ஊர்மக்களுக்குப் புதிய கடை ரொட்டியே அதிகம் பிடித்திருக்கிறது.' இதில் சொல்லாமல் வைத்துக்கொண்டது எது?

"எந்தக் கடை? பாலத்துக்குப் பக்கத்துல இருக்குறதா?" என்றார் திருமதி பெல்லமி. "அங்க ரொட்டியா விக்கிறான்? கல்லு."

"பெல்லமியம்மா, இது புஸ்தகத்துல இருக்குற கடை."

"புஸ்தகத்துலயும் கல்லாத்தான் இருக்கும்."

பதில்களை வாசித்தேன். புதிய கடை ரொட்டிதான் மாகாணத்திலேயே சிறந்தது என்பது ஒன்று. பழைய கடை சீக்கிரம் மூடப்படும் என்பது ஒன்று. புதிய கடை பழைய கடையைவிட மிகக் குறைவாக ரொட்டி சுடுவதில்லை என்பது இன்னொன்று. ஹெல்வி யோசிக்கவே இல்லை. "முதல் பதில். மாகாணத்துலயே நல்ல ரொட்டின்னா எல்லாருக்கும் புடிக்கத்தானே செய்யும்?"

தப்பு. குறைவாகச் சுடுவதில்லை என்பதுதான் விடை. ஏன் என்று புத்தகத்தின் பின்னால் போட்டிருந்தது. ஒவ்வொரு பதிலையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மாகாணத்தில் சிறந்தது இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஆள் சொன்னது நின்றுகொண்டுதான் இருக்கிறது. புதிய கடை நாளுக்கு ஒரு கூடைதான் சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சொன்னது அத்தனையும் அங்கேயே படுத்துவிடும். எதைக் கவிழ்த்தால் பேச்சே கவிழ்கிறதோ அதுதான் விடை.

"ஒரு கூடைன்னா நான் ஒருத்தியே தின்னு தீத்துருவேனே!" என்று வெள்ளித்தாள் தலையோடு கத்தினாள் கோரின். "அப்புறம் ஊருக்கே புடிச்சிருக்குன்னு எழுதிருவானுங்களா?" என்று சிரித்தாள்.

கோரின் வியாழக்கிழமைக்காரி. பள்ளிக்கூட நாளிலிருந்து ஹெல்வியின் தோழி. வியாழன் பிற்பகல் நாற்காலி அவளுக்கென்றே இருக்கும், செம்புநிறச் சாயம் அவளுக்கென்றே கலக்கப்படும். அவள் சிரித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் என் கடையில் கொக்கியில் தொங்கும் சாவிகள் சலசலக்கும்.

"நான் அந்த ஆளுக்கு உதவி பண்ணப் பாத்தேன்" என்றாள் ஹெல்வி, வருத்தமாக.

"அதான்டி உன் வியாதி. அவன் ஒரு ஆணிதான் கேட்டான். நீ வீட்டையே எழுதிக் குடுக்குற" என்றாள் கோரின்.

அந்த ஒரு வாக்கியம், புத்தகம் முழுவதும் செய்யாததைச் செய்தது. ஹெல்வி அதைக் கண்ணாடி ஓரத்தில் எழுதி ஒட்டவில்லையே தவிர, மனதில் ஒட்டிக்கொண்டாள். கொடுக்கிற கையைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவனுக்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் தேட ஆரம்பித்தாள். கோடை பாதி போவதற்குள் பயிற்சித் தாள்களில் தப்புகள் குறைந்தன. கூடவே நாங்கள் அவளிடம் வாயைத் திறப்பதும் கஷ்டமாயிற்று.

வெட்டும்போது முடியைத் தூக்கிப் பிடிப்பது எல்லா முடி வெட்டுகிறவர்களும் செய்வதுதான். பள்ளம் தெரிந்தால் அப்படியே நின்றுவிடுவது ஹெல்விக்கு மட்டும் வந்த வழக்கம். பதில் வரும்வரை விடமாட்டாள். "குளுரு இன்னும் வரல, அதனால இந்த வருஷம் பனி கம்மி" என்று எவளாவது சொன்னால் அவள் கொத்து அந்தரத்தில் நிற்கும். சனிக்கிழமை சானாவில், அந்த நீராவிக் குளியல் அறையின் வெக்கையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட, ஹெல்வி உட்காரும் படியில் யாரும் உட்காருவதில்லையாம். ஒருநாள் நான், "இன்னிக்கு ஒரு ஈ காக்கா வரல. ஊருல யாருக்கும் பூட்டே வேண்டாம் போல" என்றேன். என்னிடம் முடி இல்லாததால் காதைப் பிடித்தாள்.

"நீ கடையில இருந்தேன்னு வச்சுக்கிட்டுப் பேசுற."

கடை கைதட்டியது. நான் காப்பியைக் குடித்தேன்.

ஒருத்தி கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாள். அடுத்த முறையே திரும்பி வந்துவிட்டாள். அங்கே எல்லாவற்றுக்கும் ஆமா என்கிறார்களாம், தூக்கம் வருகிறதாம்.

கோடை முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை, கோரின் தன் கணவனைப் பற்றிப் பேசினாள். லயோனல் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"அவன் இப்பல்லாம் சனிக்கிழமையும் சவரம் பண்றான்டி. ஏரிக்கரைக் குடிலுக்குத் தனியாப் போறான். போன் வந்தா எழுந்து வெளியில போயிடுறான். யாரோ ஒருத்தி இருக்கா, பாத்துக்கிட்டே இரு" என்றாள். வாய் சிரித்தது. என் சாவிகள் சலசலக்கிற சிரிப்பு இல்லை அது.

பழைய ஹெல்வியாக இருந்தால் மெல்ல ஓர் ஆமா போட்டு, தோளை ஒரு தடவை அழுத்திவிட்டிருப்பாள். புதிய ஹெல்வி செம்புநிறக் கொத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"சவரம் பண்றவன் எல்லாம் பொம்பளைக்காகத்தான் பண்றான்னு வச்சுக்கிட்டியா? மீன் புடிக்கத் தனியாப் போகக் கூடாதா? வீட்டுக்குள்ள பேச்சு சரியாக் கேக்கலன்னா வெளியில போய்த்தானே பேசணும்? கவுத்துப் பாரு."

எங்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் தெனமும் சவரம் பண்ணினாரு" என்றார் திருமதி பெல்லமி. "அவருக்கு என்னையே சமாளிக்க முடியல." நான் என் பங்குக்கு, குடிலில் தனியாக இருக்க ஆசைப்படும் ஆண்களின் நியாயங்களை எடுத்துச் சொன்னேன். ஓட்டெடுப்பே நடந்தது.

"இதுல இருந்து அது வராது" என்று ஹெல்வி தீர்ப்புச் சொல்லிக் கொத்தை வெட்டினாள்.

கோரினின் முகம் அப்படியே மலர்ந்தது. போகிற வழியில் ஆட்டிறைச்சி வாங்கி அவனுக்குப் பிடித்த குழம்பு வைக்கப் போகிறேன் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, குனிந்து, என் மொட்டைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இலையெல்லாம் கொட்டிய பிறகு, வியாழனே இல்லாத ஒரு நாளில், கோரின் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து கடை நடுவில் நின்றாள்.

"லயோனலுக்கு நிப்பிகன் ஊருல ஒருத்தி. ரொம்ப நாளாவாம்."

யந்திரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

"நீ இல்லேன்னு சொன்னே, ஹெல்வி."

"இல்லேன்னு நான் சொல்லல, கோரின். நீ சொன்ன காரணத்துல இருந்து அது வராதுன்னுதான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. காரணம் ஓட்டையாக இருப்பதால் முடிவு பொய்யாகிவிடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது, நான்தான் அதை உரக்க வாசித்தேன். ஓட்டைக் காரணம் சொல்லிக்கொண்டும் ஒருத்தி உண்மையில் போய் நிற்கலாம். அது எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு லயோனலை விடுதலை செய்து அனுப்பினோம். ஒருவர் அவ்வளவு சரியாகவும், அதே நேரத்தில் அவ்வளவு அவமானமாகவும் நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கோரின் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"அன்னிக்கு அவ கணக்குக் கேக்க வரல, கார்மைன்" என்றாள் ஹெல்வி, எல்லோரும் போன பிறகு. "ஆமான்னு ஒரு வார்த்தைக்கு வந்தா. எனக்கு ஒழுங்கா வந்தது அது ஒண்ணுதான்."

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் கோரின் வரவில்லை. அந்த நாற்காலியில் ஹெல்வி வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. பயிற்சிப் புத்தகம் மேஜை இழுப்பறைக்குள், சுருட்டுக் குழல்களுக்கு அடியில் போய்விட்டது. ஆமா திரும்பி வந்தது. மூக்கால் ஒன்று, நாக்கால் ஒன்று, எல்லாம் பழையபடி.

எங்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. திருமதி பெல்லமி ஒருநாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வேண்டுமென்றே, "நேத்து ராத்திரி என் பூனை வீட்டுக்கு வரல. அதனால மேயர் தேர்தல்ல தோத்துருவாரு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, தன் கொத்து மேலே போவதற்காகக் காத்திருந்தார்.

"ஆமா" என்றாள் ஹெல்வி.

திருமதி பெல்லமிக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வைப் பற்றி நான்தான் கேட்டேன். "போகல" என்றாள். "கோரின் வரல. என்மேல அவ்வளவு கோவம். கூடப் படிச்சவ மனசையே ஒடைச்ச நாக்கு, கோர்ட்டுல போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது?" நானும் தலையாட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் இடிக்கவில்லை. அத்தனை கேள்விகளையும் வாசித்துக் காட்டிய ஆள் நான்.

தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் பிற்பகல், முதல் பனி விழுந்துகொண்டிருக்கும்போது, கதவு திறந்தது. கோரின் பூட்சைத் தட்டிவிட்டு, கம்பளித் தொப்பியைக் கழற்றி, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை, கட்டைவிரல் அகலத்துக்கு. செம்புநிறம் அதற்குக் கீழேதான் தொடங்கியது. ஹெல்வி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் வேறு எந்தக் கடைக்கும் போகாத தலை அது. எனக்கு அது தலையைப் பார்த்துத் தெரியவில்லை, ஹெல்வியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"என்னடி அப்படிப் பாக்குற? பேய் மாதிரியா இருக்கேன்?"

"கொஞ்சம்."

"அப்ப துணியைப் போடு."

ஹெல்வி துணியைக் கழுத்தில் கட்டினாள். சாயம் கலக்கத் தொடங்கினாள். கோரின் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கேள்வி எங்க? ஏன் எல்லாரும் எழவு வீட்டுல இருக்குற மாதிரி இருக்கீங்க? கார்மைனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

நான் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தேன். யந்திரத்துக்குள்ளிருந்து திருமதி பெல்லமி, உள்ளே இருப்பவர்களுக்கே உரிய குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "அவ பரீட்சைக்குப் போகலையாம்! நீ கோவிச்சுக்கிட்டியாம்!"

"நான் கோவிச்சுக்கிட்டேன்னு யாரு சொன்னா?"

"நீ வரல" என்றாள் ஹெல்வி.

"வரலன்னா கோவமா?" கோரின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "கோவம் ஒரு நாள் இருந்துச்சு, இல்லேங்கல. அப்புறம் வெக்கம்டி. இங்க இருந்து ஆடிக்கிட்டே போய் அவனுக்குக் கொழம்பு வச்சுப் போட்டேன். இந்த மொட்டைக்கு வேற முத்தம் குடுத்தேன். உங்க மூஞ்சியெல்லாம் பாத்தா அதுதானே ஞாபகம் வரும்? அதான் வரல."

ஹெல்வி சாயத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ கலந்துவிட்டது.

"இப்ப விவாகரத்து கேஸ்ல அவனோட வக்கீல் பேசுறதை உக்காந்து கேக்குறேன்" என்றாள் கோரின், குரலைத் தாழ்த்தி. "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ இடிக்குது. எங்கன்னு சொல்லத் தெரியல. என் பக்கத்து வக்கீலும் தலையாட்டிட்டு உக்காந்திருக்காரு."

சாயம் கலக்கிய கை நின்றது. ஜூரி அறையிலிருந்து அவள் கொண்டுவந்த முகம் மறுபடி வந்தது.

"எனக்கும் பரீட்சை எழுத ஆசைதான்" என்றாள் கடைசியில். "ஆனா எனக்கு வராது, கோரின். ரெண்டு தடவை போச்சு. அதனால இந்தத் தடவையும் போகத்தான் போகுது."

திருமதி பெல்லமி யந்திரத்தைத் தன் தலைக்கு மேல் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார், முழு ஓட்டு வேண்டும் என்பவர்போல.

கோரின் எழுந்தாள். கழுத்தில் கட்டிய துணி தரைவரை தொங்க, நாற்காலியைச் சுற்றிவந்து ஹெல்வியின் முன்னால் நின்றாள். பிறகு, யாரும் தொட்டிராத அந்த நெற்றிக் கற்றையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, கூரையைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

ஹெல்வி பழக்கத்தில் உதட்டைக் கோணி ஊதிப் பார்த்தாள். கற்றை நகரவில்லை. தலையைத் திருப்பவும் முடியவில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, தடவித் தடவி இழுப்பறையைத் திறந்து, குழல்களை ஒதுக்கிவிட்டு அடியில் புத்தகத்தைத் துழாவினாள்.